ஹூமன் சங்கிலியும் புசல்லாவைத் தேயிலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலை மலைநாட்டுக்கு வந்த வழியைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையைத் தோட்டப் பாடசாலைகளில் வெட்டிச் சுவரில் ஒட்டுவார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிப் பரீட்சைக்கும் போவார்கள். அதனால்தான் இந்தத் திருத்தக் கடிதம். கொஞ்சம் நீளம், வெட்டாமல் போட இயலுமானால் போடுங்கள்.

பிரித்தானியாவும் சீனாவும் மோதிய அபின் போரைக் கட்டுரை நாலைந்து வரியில் முடித்துவிட்டது. ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டிப் பிரித்தானியக் கப்பலை மறிக்கப் பார்த்த ஒரு கிழத் தளபதி என்று சிரிப்பாகச் சொல்லிவிட்டு, நேரே அசாமுக்குத் தாவிவிடுகிறது. அந்தக் கிழவருக்குப் பெயர் உண்டு: குவான் தியன்பெய். சங்கிலிக்கும் காரணம் உண்டு. அவருடைய பாதுகாப்பு எங்கே பிசகியது என்பது தெரியவேண்டுமானால், முதலில் அது என்ன கணக்கில் போடப்பட்டது என்று பார்க்கவேண்டும்.

குவான் தியன்பெய் 1781இல் இன்றைய ஜியாங்சு மாகாணத்து ஹுவாயானில் பிறந்தவர். பெரிய இடத்துப் பிள்ளையல்ல. படைத்துறைத் தேர்வு வழியாக அடிமட்டப் பதவியில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தார். 1826இல் தென்பகுதி வரி அரிசியை, வழமையான கால்வாய்ப் பாதையை விட்டு, கடல் வழியே வடக்கே தியன்ஜின்னுக்கு அனுப்பவேண்டி வந்தபோது, ஆயிரத்துக்கும் அதிகமான பாய்க்கப்பல்கள் போன அந்தப் பயணத்தில் காவலுக்குப் போய் அரிசியைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தார். பேரரசரின் கண்ணில் பட்டது அப்போதுதான். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கப்பல் நடத்தத் தெரிந்த ஆள் என்பது அவருடைய பேர்.

1834 செப்டெம்பரில் இமோஜீன், அன்ட்ரோமாக்கி என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள், கோட்டைகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே, முத்து ஆற்றின் வாயைத் தாண்டி உள்ளே போய்விட்டன. கிழக்கிந்தியக் கம்பனியின் சீன வணிக ஏகபோகம் முடிந்த வருடம் அது. வணிகக் கண்காணிப்பாளராக வந்த நேப்பியர் பிரபுவுக்கும் கன்ரன் அதிகாரிகளுக்கும் மூண்ட தகராறின் விளைவு. காவலுக்கிருந்த தளபதியின் பதவி போனது. அந்த இடத்துக்கு, குவாங்டோங் கடற்படைத் தளபதியாக, குவான் வந்தார். வயது 53.

இந்த 1834ஐ மறந்துவிட்டுச் சங்கிலியைப் பற்றிப் பேசக்கூடாது. குவானின் ஏற்பாடு முழுவதும் அந்த இரண்டு கப்பல்கள் தாண்டிப்போன விதத்தைப் பார்த்துப் போட்ட ஏற்பாடு.

இடத்தைச் சொல்லிவிடுகிறோம். கன்ரன், அதாவது குவாங்சோ நகரத்திலிருந்து கடலுக்கு இறங்கும் முத்து ஆறு ஹூமன் என்ற இடத்தில் ஒடுங்குகிறது. ஹூமன் என்றால் புலி வாசல். வாசலுக்கு வெளியே கிழக்கே ஷாஜியாவ், மேற்கே தாஜியாவ் என்று இரண்டு முனைகள். ஆங்கில நூல்கள் ஷாஜியாவை சுவன்பி என்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே நீர்ப்பரப்பு மிக அகலம். குவான் வந்ததும் பீரங்கிகளைச் சுட்டுப் பார்த்தார். குண்டு நடு ஆற்றுக்கே எட்டவில்லை. எட்டாத பீரங்கியை வைத்துக்கொண்டு கப்பலை மறிக்கிறோம் என்று எழுதிக்கொடுக்க அவர் தயாரில்லை. அந்த இரண்டு கோட்டைகளையும் எச்சரிக்கை வெடி போடும் இடங்களாக மாற்றிவிட்டு, உண்மையான தடுப்பை உள்ளே தள்ளிப் போட்டார். உள்ளே கிழக்குக் கரையில் வெய்யுவான், ஜென்யுவான் கோட்டைகள். ஆற்றின் நடுவே ஹெங்தாங் தீவு. ஆறு இங்கே பிரிந்து தீவின் இரு பக்கமும் ஓடுகிறது. ஆழமான கிழக்குக் கால்தான் கப்பல் பாதை. இன்னும் மேலே, மூன்றாவது தடுப்பாக தாஹூ தீவுக் கோட்டை. 1839இல் வெய்யுவானுக்கும் ஜென்யுவானுக்கும் நடுவே ஜிங்யுவான் என்ற புதுக்கோட்டை எழுந்தது. அதில் 60 பீரங்கிகள்.

இப்போது சங்கிலிக்கு வருவோம். தென்காற்றும் ஏறுநீரும் சேர்ந்து தள்ளும்போது, ஒரு பாய்க்கப்பல் கோட்டையின் சுடுதூரத்தைக் கொஞ்ச நிமிடங்களில் கடந்துவிடும். கோட்டைப் பீரங்கியோ ஒரு தரம் சுட்டால், குழலைத் துடைத்து, மருந்து திணித்து, குண்டு போட்டு, மறுபடி திரி வைப்பதற்குள் கப்பல் அதன் வாயைத் தாண்டிப் போயிருக்கும். ஒரு பீரங்கிக்கு ஒரு சூடு, மிஞ்சினால் இரண்டு. 1834இல் நடந்தது அதுதான். ஆகவே கப்பலை அங்கேயே சுணக்கவேண்டும். அது தடுமாறி நிற்கும் நேரத்தில் இரு கரையிலிருந்தும் ஐந்தாறு தரம் சுடலாம். நெருப்பு வைத்த படகுகளை நீரோட்டத்தில் அவிழ்த்துவிடலாம். சங்கிலி அறுந்தாலும் பரவாயில்லை, நேரம் கிடைத்தால் போதும்.

செய்த விதமும் அப்படியொன்றும் விளையாட்டல்ல. வெறும் இரும்புச் சங்கிலியை ஆற்றுக்குக் குறுக்கே இழுத்தால் தன் பாரத்திலேயே அடியில் போய்ப் படுத்துவிடும். பெரிய மரங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தெப்பமாக்கி, தெப்பங்களை வரிசையாக நிறுத்தி, சங்கிலியை அவற்றின் மேலே கொண்டுபோனார்கள். கிழக்கு முனை கோட்டை மலையடியிலும் மேற்கு முனை ஹெங்தாங் பக்கத்துப் பாறையிலும் பிடித்துக் கட்டப்பட்டன. வணிகக் கப்பல் வந்தால் திறந்துவிடவும் வழி வைத்தார்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளம். 1839இல் வேலை முடிந்தது. மரம் உப்புத்தண்ணீரில் ஊறி இற்றுப்போகும்; நீரோட்டத்தில் கட்டு தளரும்; பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டேயிருக்க ஆளும் காசும் வேண்டும். செலவு கன்ரன் வணிகர்கள் தலையில் விழுந்தது. அதாவது, நம் கட்டுரையாளரின் தேயிலையை விற்ற அதே வணிகர்கள்.

சங்கிலியைவிடப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது பீரங்கியைப் பற்றித்தான். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

1835இல் குவான் புதிதாகப் பெரிய பீரங்கிகள் வார்ப்பித்தார். சோதித்துச் சுடும்போதே பல வெடித்துச் சிதறின. வெடித்த துண்டுகளை எடுத்துவரச் சொல்லி அவரே பார்த்தார். இரும்பில் கசடு அதிகம், குழலின் உட்புறம் மேடும் பள்ளமும், உள்ளே பொத்தல்கள். ஒரு துவாரத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் நாலு கிண்ணம் தண்ணீர் பிடித்தது. இதை மறைக்காமல் தம் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார். வெளியே பார்த்தால் ஆள் உயரக் கனமான பீரங்கி. உள்ளே நாலு கிண்ணம் தண்ணீர் பிடிக்கும் பொக்கை. மருந்து வெடிக்கும்போது அந்த இடம்தான் முதலில் பிளக்கும். செத்துப்போவது பக்கத்தில் திரி வைத்தவன்.

பொக்கை எப்படி வருகிறது? அன்றைய சீன வார்ப்பு அச்சு களிமண் அச்சு. அது எலும்பு வரை காய வேண்டும் என்பார்களே, அப்படிக் காயவேண்டும். பெரிய அச்சுக்கு அதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். ஈரப் பருவத்தில் வெளியே காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். உருகிய இரும்பு அதில் விழுந்தவுடன் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே குமிழாக நின்றுவிடும். உலையின் சூடு போதாவிட்டால் கசடும் பிரியாது. ஓர் அச்சில் ஒரு பீரங்கிதான். வார்த்ததும் அச்சை உடைத்துவிட வேண்டும், அடுத்ததற்கு மறுபடி மண் பிசைய வேண்டும். அவசரகாலத்தில் காயவிடும் நாளைத்தான் குறைப்பார்கள். இதற்கு மாற்றாக இரும்பிலேயே அச்சு செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறையை கொங் ஜென்லின் என்ற அதிகாரி செஜியாங் மாகாணத்தில் கண்டுபிடித்தார். ஆனால் அது 1841இல். குவானுக்கு உதவவில்லை.

வெடிக்காத பீரங்கி வேண்டுமென்றால் அன்று கைவசமிருந்த ஒரே மருந்து, சுவரைத் தடிப்பாக்குவது. அதனால் 8,000 காட்டி (காட்டி என்பது சீன எடை அளவு), நம் கணக்கில் ஐந்து தொன்னுக்குச் சற்றுக் குறைவு, எடையுள்ள பீரங்கிகள். இவ்வளவு கனத்தைத் திருப்ப முடியாது. பெரும்பாலும் மரப்படுக்கையில் அசையாமல் கிடந்தன. வாய் பார்த்த திசையில் கப்பல் வந்தால் சுடலாம், இரண்டு பாகை தள்ளிப் போனால் அடுத்த பீரங்கியைத்தான் நம்பவேண்டும். பிரித்தானியக் கப்பல் பீரங்கி சில்லு வைத்த வண்டியில் பின்வாங்கி முன்னே வரும். ஆப்பு வைத்து வாயை ஏற்றி இறக்கலாம்.

வெடிமருந்தையும் பாருங்கள். குவானின் அளவு நூற்றுக்கு வெடியுப்பு 80, கந்தகம் 10, கரி 10. பிரித்தானியர் அளவு 75, 10, 15. வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் வெடியுப்பு கூடினால் மருந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடலோரக் கோட்டையில் சேமித்து வைத்தால் பிசுபிசுக்கும். கரி குறைந்ததால் எல்லா வெடியுப்பும் எரிந்து பயன்படாது. ஒரு பக்கம் இயந்திரத்தில் அழுத்தி ஒரே அளவாக நறுக்கிய மணிகள், மறுபக்கம் கையால் இடித்த தூள். எட்டும் தூரம் எவ்வளவு குறையும் என்பதை மேல்வகுப்பு இரசாயனவியல் மாணவர்கள் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

அடுத்தது அபின் அழிப்பு. அபினை ஒழிக்கப் பேரரசர் அனுப்பிய ஆணையர் லின் சேஷூ அபினை எரித்தார் என்று கட்டுரை சொல்கிறது. எரிக்கவில்லை. எரித்தால் உருகி மண்ணுக்குள் இறங்கும். பிறகு அந்த மண்ணைத் தோண்டிக் காய்ச்சி ஒரு பகுதியை மீட்டுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1839 ஜூன் 3 தொடங்கி 25 வரை, இதே ஹூமனில், 20,000 பெட்டிக்கு மேற்பட்ட அபின், ஆயிரம் தொன்னுக்கு மேல், கரைத்தே அழிக்கப்பட்டது. குவான் கூடவே காவல் நின்றார். பக்கத்துக்கு ஏறத்தாழ 50 மீற்றர் வரும் சதுரக் குளங்கள். அடியில் கருங்கல் பாவி, பக்கங்களில் பலகை அடித்து, மண்ணுக்குள் சொட்டும் இறங்காதபடி செய்தார்கள். தண்ணீர் விட்டு உப்பைக் கொட்டி உவராக்கி, அபின் உருண்டைகளைத் துண்டு போட்டு அரைநாள் ஊறவிட்டு, பிறகு சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளை வீசினார்கள். சுண்ணாம்புக் கல் தண்ணீரில் விழுந்து கொதிப்பதை லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வெள்ளையடிக்கிறவர்கள் பார்த்திருப்பார்கள்; அதே கொதிப்பு, குளம் முழுக்க. குறுக்கே போட்ட பலகைகளில் நின்று ஆட்கள் கிளறினார்கள். கடல் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்தார்கள். ஒரு குளம் கழுவப்படும்போது மற்றதில் வேலை நடக்கும். கடலில் விடுமுன் லின் கடல் தெய்வத்துக்கு ஒரு வேண்டுதலும் எழுதினார், மீன்களெல்லாம் கொஞ்சகாலம் தள்ளிப் போயிருக்கட்டும் என்று.

1839 நவம்பர் 3இல் சுவன்பிக்கு எதிரே முதல் கடற்சண்டை. வோலேஜ், ஹயசிந்த் என்ற இரண்டு பிரித்தானியக் கப்பல்கள். குவானிடம் 29 படகுகளும் கப்பல்களும், அவற்றில் நெருப்புப் படகுகளும் அடக்கம். குவான் பாய்மரத்தடியில் வாளை உருவி நின்றார். மேசையில் வெள்ளிக் கட்டிகளை அடுக்கி வைத்து, எதிரிக் கப்பலில் குண்டு பட்டால் சுட்டவனுக்கு அந்த இடத்திலேயே இரண்டு கட்டி என்று அறிவித்தார். குண்டடித்துத் தெறித்த மரச்சிராய் கையை உரசி இரத்தம் வந்தது. இடத்தை விட்டு நகரவில்லை. இவ்வளவும் லின் அனுப்பிய அறிக்கையில் உள்ளது. அதே அறிக்கை இதை வெற்றி என்றும் சொல்கிறது, அதை நம்பவேண்டியதில்லை. சீனப்பக்கம் பல கப்பல்கள் போயின, ஒன்று மருந்தறையில் தீப்பிடித்து வெடித்தது. பேரரசருக்குப் போன காகிதத்தில் தோல்வி வெற்றியாக எழுதப்பட்டதால், பீஜிங்கில் இருந்தவர்களுக்கு ஹூமனின் உண்மை நிலை தெரியாமல் போனது. குவானின் வீரத்தைப் பாராட்டும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

1841 ஜனவரி 7க்கு வருவோம். நமக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள இடம் இது. நெமெசிஸ் என்ற இரும்பு நீராவிக் கப்பல் அன்று முதல்முறையாகச் சீனக் கோட்டைகளுக்கு எதிராக இறங்கியது. இங்கிலாந்தில் பேர்க்கன்ஹெட்டில் கட்டப்பட்டது. ஆப்பிரிக்க முனையைச் சுற்றி வந்து, 1840 ஒக்ரோபரில் நம்முடைய காலித் துறைமுகத்தில் நின்றுதான் கிழக்கே போனது. அடிப்பகுதி தட்டை, ஆறடித் தண்ணீர் போதும். காற்றும் வேண்டாம், ஏறுநீரும் வேண்டாம். குவான் பல வருடமாகக் கற்ற காற்று, நீரோட்டக் கணக்கு எல்லாம் அதனிடம் செல்லாது. அன்று அது ஏவிய ஒரு ரொக்கெட் சீனப் போர்க்கப்பல் ஒன்றின் மருந்தறையில் விழுந்து கப்பலே காற்றில் பறந்தது. அதே படையெடுப்புக்காக இலங்கையில் நிறுத்தப்பட்டிருந்த 18வது றோயல் ஐரிஷ் படைப்பிரிவையும் 1840இல் இங்கிருந்து சீனாவுக்கு ஏற்றினார்கள்.

ஆனால் ஷாஜியாவ் கோட்டை விழுந்தது கப்பலால் மட்டுமல்ல. கோட்டைகளின் முகம் முழுக்க ஆற்றைப் பார்த்திருந்தது. முதுகுப்பக்கம் மலை, அங்கே பெயருக்குத்தான் மதில். கப்பல் தாண்டிப்போகப் பார்க்கும் என்று போட்ட திட்டத்தில், எதிரி கப்பலை நிறுத்திவிட்டுக் காலாட்படையை இறக்கி, மலையேறி, பின்னாலிருந்து வருவான் என்ற கணக்கே இல்லை. லயத்துக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று நம்மவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று இறங்கியவர்கள் சிறு பீரங்கிகளைக் குன்றின் மேலே இழுத்து வைத்து மேலிருந்து கோட்டைக்குள் சுட்டார்கள். காவலிருந்த சென் லியன்ஷெங், அறுபது தாண்டியவர், மகனோடு அங்கேயே மாண்டார்.

இறங்கிய காலாட்படையில் 37வது மெட்ராஸ் சுதேச காலாட்படைப் பிரிவு இருந்தது. சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். அதே ஆண்டுகளில் அதே மாகாணத்து மக்கள் மன்னார்ப் பாதையாகக் காடும் காய்ச்சலும் தாண்டி மாத்தளைக்கும் கண்டிக்கும் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒரு ஊரில் பஞ்சம் வந்தால் ஒருவன் மண்வெட்டிக்கும் ஒருவன் துப்பாக்கிக்கும் பெயர் கொடுத்திருப்பான். உங்கள் கட்டுரை தமிழரைத் தேயிலைச் செடியோடு மட்டுமே சேர்த்துப் பார்க்கிறது. அந்தப் போரில் நம் ஆட்களும் சுட்டார்கள் என்பதைப் பாடத்தில் மறைக்கவேண்டியதில்லை.

இந்த அடிக்குப் பிறகும் குவானால் திட்டத்தை மாற்ற முடியவில்லை. காலம் ஏழு வாரம். கோட்டையின் பின்பக்கத்தைக் கட்டக் கல்லும் ஆளும் வேண்டும், இருந்ததோ மண்மூட்டை. கிஷான் என்ற ஆளுநர் படையைக் குறைத்துக் காட்டிக்கொடுத்தார் என்பது சீனாவில் நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை. அது அவ்வளவு சரியல்ல. ஷாஜியாவ் விழுந்த பின் ஹூமனுக்கு ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். பல இடத்திலிருந்து சிறுசிறு தொகுதிகளாக வந்த அவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், அந்தப் பீரங்கிகளைத் தொட்டுப் பார்க்காதவர்கள். ஆள் கூடியும் பலம் கூடவில்லை.

குவான் தம் நிலையைச் சரியாக அறிந்திருந்தார் என்பதற்கு ஒரு சின்னப் பெட்டி சாட்சி. பூட்டி முத்திரை வைத்து ஊருக்கு வீட்டாரிடம் அனுப்பியிருந்தார். அவர் மறைந்த பின் திறந்தார்கள். சில பழைய உடுப்புகளும், விழுந்த பற்கள் சிலவும் இருந்தன. உடல் கிடைக்காவிட்டால் அடக்கம் செய்ய ஏதாவது வேண்டும் அல்லவா.

பெப்ரவரி 25 இரவில் ஹெங்தாங்குக்குத் தெற்கேயுள்ள சிறு தீவில் பிரித்தானியர் ஹொவிட்சர் பீரங்கிகளை இறக்கினார்கள். அந்தத் தீவில் சீனக் காவலே இல்லை. சாதாரணப் பீரங்கிக் குண்டு நேராக வந்து மதிலில் மோதும். சுண்ணாம்பு, களிமண், மணல் மூன்றும் கலந்த கலவையும் கருங்கல்லும் கொண்ட மதில் அதைத் தாங்கும். ஹொவிட்சர் குண்டோ மேலே போய், வளைந்து, மதிலுக்கு உள்ளே விழுந்து வெடிக்கும். திறந்த வெளியில் நின்றவர்களுக்கு மதிலால் என்ன பயன்? 26 காலை வெளிச்சம் வந்ததும் சுடத் தொடங்கினார்கள். நண்பகலை நெருங்கும்போது காற்றும் நீரும் பார்த்துப் பெருங்கப்பல்கள் நகர்ந்தன. பிளென்ஹைம், மெல்வில் போன்ற 74 பீரங்கிக் கப்பல்கள் கோட்டைகளுக்கு நேர் எதிரே போகாமல், பீரங்கி வாய்கள் பார்க்காத பக்கவாட்டில் நங்கூரமிட்டன. நங்கூரமிட்டன என்பதைக் கவனிக்கவேண்டும். தாண்டிப் போகவே அவை அவசரப்படவில்லை. சங்கிலிக்கு அந்த நாளில் செய்வதற்கு வேலையே இருக்கவில்லை. மேற்குக் காலில் சங்கிலியும் கிடையாது. அந்த வழியாகவும் கப்பல்கள் தீவைச் சூழ்ந்தன. பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. பிரித்தானியர் பக்கம் காயம்பட்டவர்கள் ஐந்தே பேர்.

குவான் ஜிங்யுவான் கோட்டையில் நின்றார். தளபதி முத்திரை எதிரி கையில் விழக்கூடாது என்று அதை வேலையாளிடம் கொடுத்து வெளியேறச் சொன்னார். முத்திரை போய்ச் சேர்ந்தது. அவர் கோட்டையிலேயே விழுந்தார். வயது 60. மறுநாள் உடலைக் குடும்பத்தார் எடுத்துப் போகும்போது பிளென்ஹைம் கப்பல் மரியாதை வெடி முழங்கியது. முதல் நாள் அவரை நோக்கிச் சுட்ட அதே கப்பல்தான்.

மூன்று மாதம் கழித்து, மே மாதக் கடைசியில், கன்ரனுக்கு வடக்கே சான்யுவான்லி என்ற ஊரில் கிராமத்தார் ஈட்டியும் மண்வெட்டியுமாகத் திரண்டார்கள். பெருமழை. 37வது மெட்ராஸ் பிரிவின் ஒரு கம்பனி, ஏறத்தாழ 60 பேர், வயலுக்குள் வழிதவறிச் சூழப்பட்டது. அவர்கள் கையிலிருந்தவை சிக்கிமுக்கித் துப்பாக்கிகள். கிண்ணியில் கொட்டிய மருந்து நனைந்தால் பொறி விழுந்தும் பற்றாது. இரவில் தேடி வந்த மரீன் படையினரிடம் தொப்பி வெடி பொருத்திய புதுத் துப்பாக்கிகள் இருந்தன, மழையிலும் வெடித்தன. அதனால்தான் அவர்கள் மீண்டார்கள். அந்தப் போரில் நல்ல ஆயுதம் யாருக்கு முதலில் கிடைத்தது என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் வேண்டுமா? சிப்பாய்க்குக் கடைசியில்தான்.

இன்னொரு கிழவரையும் ஒரு வரியில் சேர்க்கலாம். ஷங்காய்க்கு அருகே வூசோங்கில், 1842 ஜூன் 16இல், 66 வயதுத் தளபதி சென் ஹுவாசெங் பீரங்கிப் பக்கத்திலேயே மாண்டார், மேலதிகாரி ஓடிவிட்டார். மற்ற அதிகாரிகள் மக்களின் எலும்பு மச்சையை உறிஞ்சுகிறார்கள், சென் ஐயா வூசோங் தண்ணீரைத்தான் குடிக்கிறார் என்று ஊரார் பாட்டே கட்டியிருந்தார்கள். பிற்காலத்தில் ஷங்காய் நகரக் கோயிலில் அவரைத் தெய்வமாகவும் வைத்தார்கள்.

கடைசியாகச் சில திருத்தங்கள். குவான் மறைந்தது 1842 என்று கட்டுரையில் உள்ளது. 1841 பெப்ரவரி 26 என்று மாற்றவேண்டும். 1842 அந்தப் போரை முடித்த நான்கிங் உடன்படிக்கை நடந்த ஆண்டு. சீனத் தேயிலை இலங்கைக்கு வந்தது ஜேம்ஸ் டெய்லரோடுதான் என்பதும் சரியல்ல. அவர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டது 1867. அதற்கு முன்பே 1824இல் சீனச் செடி பேராதனைப் பூங்காவில் இருந்தது. குவான் விழுந்த அதே 1841இல் மொரிஸ் வோர்ம்ஸ் என்பவர் சீனாவிலிருந்து கொண்டுவந்த செடிகளைப் புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். செலவு கட்டுப்படியாகாமல் அது வணிகப் பயிராக நிலைக்கவில்லை. கோப்பி நோய் வந்து கோப்பி அழியும் வரை தேயிலைக்குக் காலம் பிறக்கவில்லை.

பெயரை ‘குவான் டீன் பீ’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். குவான் குடும்பப் பெயர், தியன்பெய் அவர் பெயர். இரண்டாகப் பிரித்து எழுதினால் போதும்.

இப்படிக்கு,
வரலாற்றுப் பாட ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.